அப்பா துடைத்துத்தான் காரில் கோடு விழுந்ததா?

கோவையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் லோன் போட்டுக் கறுப்பு நிறத்தில் ஒரு செடான் கார் வாங்கியிருக்கிறார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாதான் அதைக் கவனித்துக்கொள்கிறார். தினமும் காலையில் ஒரு தடவை துணியால் தூசி தட்டி விடுவார். ஞாயிற்றுக்கிழமை போர் தண்ணீரில் கழுவுவார். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, கடைசியாக அதை ஊற்றி அலசுவார். பிறகு திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டால் வட்ட வட்டமாகத் துடைப்பார்.

போன மாதம் ராத்திரி பெட்ரோல் பங்க்கில் நின்றபோது, விளக்கு வெளிச்சத்தில் பானட் முழுக்க மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்திருக்கின்றன. கண்ணாடியிலும் கூரையிலும் வெள்ளைப் புள்ளிகள் வேறு. "வட்டமாகத் தேய்க்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்" என்று மகன் கோபப்பட, "சர்வீஸ் சென்டர்ல கழுவும்போது போட்ட கோடு இது" என்று அப்பா சொல்ல, இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. இதற்கிடையே ஒரு கடையில் 28,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் கெட்டியான மெல்லிய படலமாகக் காயும் ஒரு பூச்சு) போட்டால் அப்புறம் கோடே விழாது என்று சொல்லியிருக்கிறார்கள். யார் மேல் தப்பு, எந்தத் துணியால் துடைப்பது, சர்வீஸ் சென்டர் மேல் புகார் கொடுக்கலாமா, கோட்டிங் போடலாமா என்பவை அவர் கேள்விகள்.

தம்பி, முதலில் வட்டத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். வீட்டில் சண்டை அதிலிருந்துதானே ஆரம்பித்தது?

இன்று ராத்திரி காரை இருட்டான இடத்தில் நிறுத்தி, செல்போன் டார்ச்சை பானட்டுக்கு மேலே பிடியுங்கள். வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றி வட்டமாகக் கோடுகள் தெரியும். டார்ச்சை ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். வட்டமும் கூடவே நகரும். பெயின்ட்டில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் அது நகருமா? உண்மையில் உங்கள் பானட்டில் எல்லாத் திசையிலும் நேர்நேரான மெல்லிய கோடுகள் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கும் கோடு மட்டும் மின்னும், மற்றவை கண்ணுக்குத் தெரியாது. அப்படி மின்னுகிறவை எல்லாம் சேர்ந்துதான் விளக்கைச் சுற்றி ஒரு வட்டமாகத் தெரிகின்றன. அப்பா நேர்கோட்டில் துடைத்திருந்தாலும் இதே வட்டம்தான் தெரிந்திருக்கும். வெள்ளைக் காரிலும் இதே அளவு கோடு இருக்கும், கறுப்பில்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் அப்பா கை சுற்றிய விதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிவிடுங்கள்.

அதற்காக துடைப்பதில் தப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: தினமும் காலையில் துணியால் தூசி தட்டுவது. ஞாயிற்றுக்கிழமையாவது தண்ணீர் இருக்கிறது. மற்ற ஆறு நாளும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், ராத்திரி முழுக்கப் படிந்த மண்ணைப் பெயின்ட்டின் மேலேயே இழுத்துத் தேய்க்கிறார். நம் ஊர்த் தூசியில் பாதி ரோட்டு மணல், கட்டட வேலை மண். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் உங்கள் காரின் மேல்பூச்சைவிடப் பல மடங்கு கடினமானது. காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. சாதாரணமாக 35 முதல் 50 மைக்ரான் கனம், அதாவது தலைமுடியின் கனம்கூடப் பல கார்களில் இருக்காது. நீங்கள் பார்க்கும் கோடுகள் எல்லாம் அந்தப் படலத்தின் மேல்பரப்பில்தான் இருக்கின்றன. விரல் நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை என்றால் கவலைப்படும் ஆழம் இல்லை.

ஆக, கோடு போடுவது துணி மட்டும் இல்லை. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மண்தான் முக்கியக் குற்றவாளி. அடுத்தது கையின் அழுத்தம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஆயிரம் ரூபாய்த் துணி வாங்கினாலும் கோடு விழும்.

தினமும் தட்டும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கார் ஒரு வாரம் தூசியோடு நின்றால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. பறவை எச்சம் மட்டும் விதிவிலக்கு. அதன் மேல் ஈரத் துணியை ஐந்து நிமிஷம் போட்டு வைத்து, ஊறிய பிறகு ஒற்றி எடுத்துவிடலாம். மழை விட்டதும் ஓடிப் போய்த் துடைப்பதும் வேண்டாம். மழைநீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் தூசி படிந்த காரில் நாலு தூறல் விழுந்தால் அது சேறு. தூசியோடு இருக்கும் காருக்குக் கவர் போட்டு மூடுவதும் இதே கதைதான். காற்றில் கவர் ஆட ஆட, ராத்திரி முழுக்க யாரோ தேய்த்துக்கொண்டே இருப்பதாக அர்த்தம்.

வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வருகிறது

உங்கள் ஆர்.ஓ. மெக்கானிக் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,150 என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லிட்டருக்கு 1,150 மில்லிகிராம் உப்பு என்று அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணீரைத் துடைக்காமல் காரிலேயே காய விட்டால், ஒரு கிராமுக்கு மேல் உப்பைப் பொடியாகத் தூவி விட்டது போலத்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்தான் 2,000 வரை விடுகிறார்கள்.

இப்போது ஆர்.ஓ. கழிவுத் தண்ணீருக்கு வாருங்கள். மெஷின் உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரை ஒரு குழாயிலும் பிரித்த உப்பையெல்லாம் இன்னொரு குழாயிலும் விடுகிறது. அந்த இரண்டாவது குழாய்த் தண்ணீரைத்தான் நீங்கள் கடைசி அலசலுக்கு வைத்திருக்கிறீர்கள். போரில் வருவதைவிட அதில் உப்பு அதிகம். வீணாக்க மனசு வராமல் அப்பா செய்தது, அதில் தப்பு சொல்ல முடியாது. வாசல் கழுவவும், கக்கூஸுக்கு ஊற்றவும் அது போதும். காருக்குக் கடைசித் தண்ணீராக மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள். அவ்வளவு மென்மையான தண்ணீர் தமிழ்நாட்டில் பல ஊர்களுக்குக் கிடைக்காது. கார் முழுக்க அதில் கழுவச் சொல்ல மாட்டேன், அது குடிக்கிற தண்ணீர். சோப்பு போட்டு அலசுவது வரை உப்புத் தண்ணீரிலேயே முடித்துவிட்டு, கடைசியாக இரண்டு மூன்று சொம்பு நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து வழிய விட்டால் போதும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் புள்ளி குறைந்துவிடும்.

இருக்கிற புள்ளியை நகத்தால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், சூடில்லாத காரில், சின்னத் துணியில் நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். பிறகு நன்றாக அலசி, கார் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். மேலே படிந்த உப்பு இதிலேயே கரையும். அப்படியும் வளையமாக ஒரு தடம் நின்றால், வெயிலில் காய்ந்து உப்பு கிளியர் கோட்டை அரித்திருக்கிறது. அது பாலிஷ் போட்டால்தான் போகும்.

துடைக்கும் வேலை கழுவும்போதே ஆரம்பிக்கிறது

கோடில்லாமல் துடைக்க வேண்டுமென்றால், துடைக்கும்போது காரில் மண் இருக்கக் கூடாது. அதனால் கழுவும் முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் நிறுத்துங்கள். சோப்பு போடுவதற்கு முன் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே தாராளமாக அடித்து, மண்ணை அதுவாகவே ஓட விடுங்கள். பக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி வரும் மைக்ரோஃபைபரில், அதாவது மிக மெல்லிய செயற்கை இழைத் துணியில், ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். சக்கரத்துக்கும் கதவுகளின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், அது காரின் மேலிருக்கும் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

இனிதான் விஷயம். கடைசி அலசலுக்கு ஹோஸ் முனையில் இருக்கும் நாசிலைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சாமல், அழுத்தமில்லாமல் கூரையின் நடுவிலிருந்து வழிய விடுங்கள். பீய்ச்சினால் ஆயிரக்கணக்கான துளிகளாகச் சிதறி நிற்கும். மெதுவாக வழிய விட்டால் தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கி, போகிற வழியில் மற்றத் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். பானட்டில் செய்து பாருங்கள். அங்கங்கே சில துளிகள்தான் மிஞ்சும். முன்னே சொன்ன சிறுவாணிச் சொம்புக்கு இங்கேதான் வேலை.

துணியை எடுப்பதற்கு முன் முடிந்தால் காற்று. கம்ப்யூட்டர் தூசி ஊதும் சின்ன எலெக்ட்ரிக் புளோயர் போதும். சைடு கண்ணாடியின் இடுக்கு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், டிக்கியின் ஓரம், பெட்ரோல் மூடி, இங்கெல்லாம் ஒளிந்திருக்கும் தண்ணீரை முதலில் ஊதி வெளியேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் துடைத்து முடித்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால், சைடு கண்ணாடியிலிருந்து கதவில் ஒரு கோடாக ஒழுகியிருக்கும். பஞ்சர் கடைக் காற்றில் மட்டும் செய்ய வேண்டாம். அந்த லைனில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும், இரும்பு முனை பெயின்ட்டில் தட்டவும் தட்டும்.

எந்தத் துணி

பனியன் வேஸ்ட் மெக்கானிக் ஷெட்டுக்கு அருமையான சாமான், கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு இருக்கும், பிரிண்ட் போட்ட இடத்தில் காய்ந்து கெட்டியான படலம் இருக்கும், எலாஸ்டிக் இருக்கும், சில சமயம் ஸ்டேப்ளர் பின்னே இருக்கும். எந்தத் துண்டில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டா துடைக்க முடியும்? பழைய நாலு முழ வேட்டி இதைவிடத் தேவலை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். ஆனாலும் அது தட்டையான நெசவு. ஒரு மணல் துகள் மாட்டினால் உள்ளே போக இடமில்லாமல் பெயின்ட்டிலேயே உரசும். தோல் துணிக்கும், டப்பாவில் வரும் ரப்பர் மாதிரியான ஷாமிக்கும் இதே குறைதான். தண்ணீரை நன்றாக இழுக்கும், மண்ணை உள்வாங்காது.

நான் சொல்வது முறுக்கு நூல் மைக்ரோஃபைபர் டவல், 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில் ஒன்று. அதன் நீண்ட இழைகளுக்குள் துகள் இறங்கிவிடும், பெயின்ட்டைத் தொடாது. வாங்கியதும் லேபிளை வெட்டி எறிந்துவிட்டு ஒரு தடவை அலசுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். அதில் கோடு போடும் துணியைக் காரில் வைக்கவே கூடாது.

துடைப்பது என்று நாம் சொன்னாலும், இந்த டவலால் துடைக்க வேண்டாம். இரண்டு கையாலும் விரித்துக் கூரை மேல் போடுங்கள். இரண்டு மூன்று விநாடி விடுங்கள், தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும். பிறகு ஓரத்தைப் பிடித்து, கை அழுத்தாமல், அதன் எடையிலேயே உங்கள் பக்கம் இழுங்கள். கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி என்ற வரிசை. கதவின் கீழ்ப்பாதியை இதால் தொடாதீர்கள், அதற்கு வேறு பழைய டவல். பிடிவாதமாக நிற்கும் துளியைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கார் ஈரமாக இருக்கும்போதே குயிக் டீடெய்லர் என்ற, பெயின்ட்டை வழுவழுப்பாக்கும் ஸ்பிரேயை இரண்டு தடவை அடித்துவிட்டால் டவல் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். கட்டாயம் இல்லை, வசதிதான்.

டவல் தரையில் விழுந்தால், அன்றைக்கு அதற்கு லீவு. உதறிவிட்டுத் தொடரக் கூடாது. வீட்டுத் துணிகளோடு மெஷினில் போடாதீர்கள், பருத்தித் துணியின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம், அப்புறம் டவல் தண்ணீரை இழுக்காது. காம்பவுண்ட் சுவரில் காயப் போட வேண்டாம் என்று அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சுண்ணாம்பும் மணலும் சேர்ந்து வரும்.

கழுவி முடித்ததும் தெருவில் ஒரு சின்னச் சுற்று ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். பிரேக் ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் விட்டால், துரு பிடித்துச் சக்கரம் ஒட்டிக்கொள்வது உண்டு.

சர்வீஸ் சென்டர் மேல் புகார்

அப்பா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏகப்பட்ட கார் கழுவும் இடத்தில், சக்கரத்துக்குப் போட்ட ஸ்பாஞ்சே பானட்டுக்கும் வந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் இரண்டு வருடம் தினமும் வீட்டிலும் துடைத்த காரில், இந்தக் கோடு அவர்களுடையது, அந்தக் கோடு எங்களுடையது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. இப்போதிருக்கும் கோட்டுக்காகப் புகார் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும் என்பது என் கருத்து.

இனிமேல் நடப்பதற்கு வழி இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் 'வாட்டர் வாஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். இலவசம்தானே என்பார்கள், பரவாயில்லை, எழுதச் சொல்லுங்கள். காரை ஒப்படைக்கும்போது நாலு பக்கமும் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது வெளிச்சத்தில் ஒரு சுற்று பாருங்கள். நகம் மாட்டுகிற மாதிரிப் புதுக் கீறல் இருந்தால், கையெழுத்துப் போட்டுக் காரை வெளியே எடுப்பதற்கு முன் அவர்கள் தாளிலேயே அதைக் குறிப்பிட வையுங்கள். வெளியே வந்த பிறகு சொன்னால் பேச்சு எடுபடாது. மேனேஜருக்கு மெயில் அனுப்பியும் பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பாதிப்பு நடந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

28,000 ரூபாய் கோட்டிங்

என் கடையிலும் செராமிக் கோட்டிங் போடுகிறேன், அதனால் இதைச் சொல்வது எனக்கு லாபமில்லை. கோடே விழாது என்று சொன்னவர் உங்களிடம் சரியாகப் பேசவில்லை. விளம்பரத்தில் '9எச்' என்று போடுவது பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஒன்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். மணலின் குவார்ட்ஸ் மோஸில் ஏழு. அது கோட்டிங்கின் மேலும் கோடு போடும். தினமும் காய்ந்த துணியால் தட்டினால் 28,000 ரூபாயின் மேலேயும் இதே கோடுகள் வரும்.

கோட்டிங்கால் பிரயோஜனம் இல்லாமல் இல்லை. தண்ணீர் சீக்கிரம் உருண்டு ஓடிவிடும், அழுக்கு லேசில் ஒட்டாது, துடைக்கும் வேலை பாதியாகும். ஆனால் உப்புத் தண்ணீர் முத்து முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், புள்ளி இன்னும் அழுத்தமாக விழும். அதனால் தண்ணீர் விஷயத்தைச் சரிசெய்யாமல் கோட்டிங் போடுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, கோட்டிங் போடுவதற்கு முன் பழைய கோடுகளைப் போக்க பாலிஷ் போடுவார்கள். பாலிஷ் என்றால் கோட்டை நிரப்புவது இல்லை, கோடு இருக்கும் மட்டம் வரை கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது திரும்பாது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலம்தான். ஆயுளில் சில தடவைதான் செய்ய முடிகிற வேலை அது. அதை இப்போதே செய்துவிட்டு, பழைய பழக்கத்தில் மறுபடி கோடு போட்டுக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதனால் என் யோசனை: முதலில் மூன்று மாதம் துணியையும் தண்ணீரையும் பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். டவல், பக்கெட், ஷாம்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் மூவாயிரத்தில் முடியும். டவலை அப்பா கையில் கொடுங்கள், டார்ச் சோதனையை அவரை வைத்தே செய்யுங்கள். வண்டியை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிறவர், காரணம் தெரிந்தால் உங்களைவிட நன்றாகச் செய்வார். மூன்று மாதத்துக்குப் பிறகும் கோடுகள் கண்ணை உறுத்தினால் ஒரே ஒரு தடவை மெல்லிய பாலிஷ் போடலாம், விருப்பப்பட்டால் அதன் மேல் கோட்டிங். அப்போது எந்தக் கடைக்குப் போனாலும், வேலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பகுதியிலும் பெயின்ட் கனத்தை மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். இரும்புத் தகட்டில் எல்லாப் பூச்சும் சேர்த்து 100 மைக்ரானுக்கு முன்பின்னாகக் காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் அளக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீட்டரே இல்லை என்று சொல்லும் கடையில் காரை விட வேண்டாம்.